சமையலறைக்குப் போன பேச்சுப்பெட்டி

ஜூன் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. தபால்காரருக்குப் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள் நாம். "பேச்சை வேணா நிறுத்திக்குங்க, கடுதாசியை நிறுத்தாதீங்க, என் சம்பளம் அதுலதான் வருது" என்று அப்பா சொல்வாரே, அந்தக் கணக்கில் இதை வைத்துக்கொள். போனில் கூப்பிடாதே. மணி அடித்து ஓயும்வரை விட்டுவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வாங்க வேண்டும். சிரிக்காதே. உன் அத்தானுக்குச் சினிமா என்றால் உயிர் என்பது உனக்கே தெரியும். பஸ் ஓட்டிய காலத்தில் காலை ஷிப்ட் முடிந்ததும் யூனிபாரத்தோடு தியேட்டரில் போய் உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நான் டிக்கெட் வரிசையில் நின்றிருக்கிறேன். இப்போது எவ்வளவு நல்ல படம் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார். முன்பெல்லாம் "இவன் யாரு? அவளுக்கு இவன் என்ன உறவு?" என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுப்பார். இப்போது அதையும் கேட்பதில்லை.

முனைக் கடைக்காரன் சொல்கிறான், "நாலு பக்கமும் சத்தம் சூழ்ந்துக்கிட்டா மனுஷன் எழுந்து எங்கம்மா போவாரு?" என்று. அவன் காட்டியது ஏழு பெட்டி. அதில் இரண்டு என் தோள் உயரம். அவற்றை உள்ளே வைத்தால் என் தையல் மெஷினை மாடிப்படியில்தான் போட வேண்டும். விலையைக் கேட்டேன், திறந்த வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கையைக் கடிக்காமல், ஏமாறவும் செய்யாமல், எதை வாங்கலாம்? நீ அதே தொழிலில் இருக்கிறாய். கோபம் வேறு, யோசனை கேட்பது வேறு.

உன் புதுக் கடை திறந்த அன்று எல்லார் முன்னாலும் ஒன்று சொன்னாயே, "அக்கா, அத்தானுக்கு மூளை தேயுது, டாக்டர்கிட்ட காட்டு" என்று, அதை நான் மறக்கவில்லை. அவருக்கு ஒன்றும் தேயவில்லை. அதைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன். ஸ்பீக்கரைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. (என் மனைவிக்கு நீ வைத்த பேர் நிலைத்துவிட்டது. இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.) "திட்டி எழுதியிருக்காங்களா?" என்றாள். "இல்ல, ஸ்பீக்கர் கேட்டிருக்காங்க" என்றேன். நம்பவில்லை. பிடுங்கிப் படித்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

முனைக் கடைப் பக்கமே போகாதே. ஏழு பெட்டியை உன் ஹாலில் வைத்தால் நீங்கள் இருவரும் வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் படம் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டிமேல் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற எண்ணையும் நம்பாதே. அது ஒரே ஒரு நொடி கத்திவிட்டு அடங்குகிற கணக்கு, நம் பெரியப்பா கோபம் மாதிரி. டிவிக்குக் கீழே வைக்கிற ஒற்றை நீளப் பெட்டி ஒன்று இருக்கிறது, சவுண்ட் பார். விலை குறைவு, தொந்தரவும் குறைவு. ஆனால் முதுகுக்குப் பின்னால் சத்தம் வராது. நீ கேட்பது சூழ்ந்துகொள்கிற சத்தம். அதற்கு ஐந்து சின்னப் பெட்டியும், தரையில் வைக்கிற ஒரு 'தும் தும்' பெட்டியும் போதும்.

சொல்வதற்கு முன்னால் எனக்குச் சில விவரம் வேண்டும். ஹால் நீள அகலம் என்ன? அத்தான் எங்கே உட்காருகிறார்? அவருக்குப் பின்னால் சுவரா, வழியா? தரை டைல்ஸா, சிமெண்டா? ஜன்னலுக்குத் திரை உண்டா? சத்தம் வெறும் சுவரில் பட்டு எகிறும், துணியில் பட்டால் அடங்கும்.

இனி எழுதுவதைக் கிழித்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு டீச்சர் அத்தானிடம் போய், "எங்க அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், அதான் அவரால வர முடியல" என்றாள். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றார். அவள் ஸ்டோர் ரூமில் போய் அழுதாள். அந்த வேகத்தில்தான் நான் சொன்னேன். சொன்ன இடம் தப்பு. ஆனால் சொன்ன விஷயத்தில் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது, அக்கா.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். நீ கேட்ட கேள்விகளும் அதே தாளில் இருந்ததால் பிழைத்தது.

தையல் டேப்பால் அளந்தேன். ஹால் நீளம் பதினைந்து அடி, அகலம் பன்னிரண்டு. டைல்ஸ் தரை. திரைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, மிச்சத் துணியில் நானே தைத்த திரை, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒவ்வொரு நிறம். டிவிக்கு எதிரே சோபா. அதில் மனுஷர் உட்கார முடியாது, நான் தைத்துக் கொடுக்க வேண்டிய துணிகள் உட்கார்ந்திருக்கின்றன. உன் அத்தான் நாற்காலி மூலையில், இடது தோள் சுவரில் உரசும்படி. வலது பக்கம்தான் டிவியைப் பார்த்திருக்கும். ஒட்டினாற்போல் சமையலறை, நடுவில் கதவு கிடையாது.

அவ்வளவுதான் எழுத நினைத்தேன். பேனா மூடியைப் போட்டுவிட்டு மறுபடி எடுத்திருக்கிறேன்.

நீ சொன்ன வார்த்தைக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அதை நான் அதற்கு முன்பே எனக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். "சாப்பிட வர்றீங்களா?" என்றால் "ஆமாம், மழை வரும்போல" என்கிறார். சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பினால் வேறு எதையோ வாங்கி வருகிறார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தால் சிரிக்கிறார், தனியாக இருந்தால் சும்மா இருக்கிறார். ஒருவேளை காதோ என்று பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தைக் கீழே போட்டேன். துள்ளித் திரும்பி "என்ன உடைஞ்சது?" என்றார். மூன்றாவது தெருவில் பஸ் திரும்பினாலும் "கியர் சரியா விழல பாரு" என்கிறார். காது நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது தலைதானே?

ஸ்கூட்டர் சாவியை நூல் டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷர், இப்போது சாவியைத் தேடிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறார். மறதி டாக்டரிடம் ஜூலை 28 அன்று நேரம் வாங்கியிருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் ஒரு படத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை அவர் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு படம் முழுசாகப் பார்த்துவிட்டார் என்றால் நான் தைரியமாக டாக்டர் முன்னால் போய் உட்காருவேன்.

அதற்காகத்தான் இந்தப் பெட்டி எல்லாம். சீக்கிரம் எழுது. டீச்சர் அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்கா,

மாமனார் எழுந்து நடக்கிறார். நடக்கிறதோடு எல்லாரையும் அதிகாரமும் செய்கிறார். அவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உன் கடிதத்தை டீச்சரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்த ஷெல்ப்ல இருக்கிற செட்டை அனுப்புங்க" என்றாள். கடையில் வாங்க வருகிறவர்களுக்குப் பாடிக் காட்டுவதற்கென்று வைத்திருந்த ஐந்து பெட்டி செட் அது. போன வருஷத்து மாடல், ஓரத்தில் ஒரு கீறல், அதனால் பாதி விலைக்குத்தான் போகும். சும்மா அனுப்பினால் நீ திருப்பி அனுப்புவாய் என்று தெரியும். பதிலுக்கு என் கடைக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடு, எல்லாம் ஒரே நிறத்தில். பார்சல் லாரியில் போட்டாயிற்று.

வயருக்கு நிறம் போட்டிருக்கிறேன். பெட்டியின் பின்னாலும் அதே நிறத்தில் புள்ளி. பட்டனுக்கு ஏற்ற காஜா மாதிரி, நிறத்துக்கு நிறம் சேர்த்தால் போதும். முன்னால் இரண்டு, டிவிக்கு இடமும் வலமும். பின்னால் இரண்டு, அத்தான் தலைக்குக் கொஞ்சம் மேலே. 'தும் தும்' பெட்டி தரையில், மூலையில் வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பச்சைப் புள்ளி போட்டது நடுப்பெட்டி. அதுதான் ராஜா. படத்தில் யார் பேசினாலும் அநேகமாக அதில்தான் வரும். மற்றதெல்லாம் மழை, இடி, பாட்டு, அடிதடி. பேச்சு தெளிவாகக் கேட்க நடுப்பெட்டிக்கு ட்ரெபிளை, அதாவது மெல்லிய கீச்சுச் சத்தத்தை, கூட்டியே வைத்திருக்கிறேன், அதைத் தொடாதே.

28ஆம் தேதி நானும் வரட்டுமா?

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

செட் வந்தது. கீறலைத் தேடித் தேடிப் பார்த்தேன், என் கண்ணுக்கு அகப்படவில்லை. இருக்கிறது என்று நீ சொல்வதால் இருக்கட்டும். திரைக்கு நீல நிறத்தில் துணி எடுத்திருக்கிறேன்.

ஆள் கூப்பிடவில்லை. நானே மாட்டினேன். உன் அத்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "விழுந்துடாதே" என்று மட்டும் பத்துத் தடவை சொன்னார். அதாவது அதெல்லாம் சரியாகத்தான் பேசுகிறார். வயர்களைத் திரைக்குப் பின்னால் மடித்துத் தைத்துவிட்டேன், ஒன்றுகூட வெளியே தெரியாது. சத்தம் வந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. மழை என்றால் கூரை ஒழுகுகிறதோ என்று நிமிர்ந்து பார்க்கும்படி மழை.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். பச்சைப் புள்ளிப் பெட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டேன், மசாலா டப்பா அலமாரியில். கோபப்படாதே, கேள். உன் அத்தான் இப்போது படத்தில் பேச்சைக் கவனிப்பதில்லை. அவருக்கு மழையும் இடியும் போதும், அதுவாவது அவரை நாற்காலியில் பிடித்து உட்கார வைக்கட்டும். நானோ இத்தனை வருஷமாகப் படங்களைச் சமையலறையில் நின்று காதால் பார்த்தவள். எந்தக் கதாநாயகி எப்படி இருப்பாள் என்று தெரியாது, எப்படி அழுவாள் என்று தெரியும். பேச்சு எனக்கு, மற்றது அவருக்கு. பங்கு சரிதானே?

வர வேண்டாம். வந்தால் அவருக்குச் சந்தேகம் வரும்.

அக்கா


ஜூலை 10

அக்கா!

தலையில் அடித்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் நான் பார்க்காத கூத்து இல்லை. ஸ்பீக்கரைப் பூட்டிய பீரோவுக்குள் வைத்துவிட்டுச் சத்தம் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர் உண்டு. ஆனால் படத்தை ஹாலிலும் பேச்சைச் சமையலறையிலும் பிரித்து வைத்த ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். சினிமாவுக்கே பாகப்பிரிவினை செய்துவிட்டாய்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். உன் வீட்டுப் பேச்சு வந்து அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

உடனே அதை எடுத்து டிவிக்குக் கீழே வை. அத்தான் பேச்சைக் கவனிப்பதில்லை என்று நீயே முடிவு கட்டிவிட்டால், கவனிக்க அவருக்கு என்னதான் இருக்கிறது?

தம்பி


ஜூலை 16

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே பெட்டியை மாற்றியிருப்பேன். அடுப்பில் வேலை இருந்தது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். ஹாலில் ஏதோ பழைய காமெடிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இவர் வழக்கம்போலப் பாதியில் எழுந்தார். அன்று பால்கனியில் வெயில் அடித்ததால் சமையலறைக்கு வந்து, "ஏதாவது குடு, உரிக்கிறேன்" என்றார். ஒரு பிடி பூண்டைக் கொடுத்தேன். அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி அவருடைய இடது காதுக்கு ஒரு முழம்கூட இருக்காது.

படத்தில் மாமனாருக்குப் பயந்து மாப்பிள்ளை பீரோவுக்குள் ஒளிந்துகொண்டான். உள்ளே தும்மல். மாமனார் நிதானமாக, "இந்த வீட்ல பீரோவுக்கெல்லாம் ஜலதோஷம் பிடிச்சிருக்கே" என்கிறார்.

இவர் சிரித்தார், தம்பி. நான் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்தார். நான் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தேன், என் முகம்கூட அவருக்குத் தெரியாது. டிவி அங்கிருந்து தெரியவே தெரியாது. பூண்டுத் தோல் பறக்கச் சிரித்துவிட்டு, "அந்த ஆளுக்குத் தெரியும்டி, மாப்பிள்ளை உள்ளதான் இருக்கான்னு. வேணும்னே வெளாடுறாரு" என்றார். பிறகு அவரே, "முதல்ல சாவியை ஒளிச்சு வெச்சாளே, அவதான் காட்டிக்குடுத்திருப்பா" என்றார். கதை முழுவதும் பிடிபட்டிருக்கிறது அவருக்கு!

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. மெதுவாகப் போய் அவருடைய இடது பக்கம், காதோரம் குனிந்து, சாதாரணக் குரலில் "பூண்டு போதும்" என்றேன். "இன்னும் நாலு பல்லு இருக்கு, இரு" என்றார். சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், அதே குரலில் "எழுந்து வாங்க" என்றேன். ஒன்றுமில்லை. உரித்துக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் உரக்க, "உங்க ஸ்கூட்டர் சாவி நூல் டப்பாவுலதான் இருக்கு" என்றேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு "சரி, சரி" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாக எழுதினாயே, அதே சிரிப்புதான். காதில் விழாதபோதெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து எதையாவது ஊகித்துச் சொல்லி ஒப்பேற்றியிருக்கிறார். தாம்பாளம் கேட்கும், பஸ் கேட்கும், மனுஷர் பேச்சுதான் கேட்காது. அப்படியும் ஒரு காது உண்டா? உனக்குச் சத்தத்தைப் பற்றித் தெரியுமே, சொல். உண்டு என்று சொல், தம்பி.

அக்கா


ஜூலை 20

அக்கா,

உண்டு. உண்டு. உண்டு.

தடித்த சத்தம் கேட்கும், மெல்லிய சத்தம் நழுவிவிடும். பேச்சில் வார்த்தையை வார்த்தையாகக் காட்டுவது அந்த மெல்லிய சத்தம்தான். அவருக்குப் பேச்சு கேட்டிருக்கும், ஆனால் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி வெறும் முணுமுணுப்பாக. கடைக்கு வருகிற சில பேர் "சத்தம் வருது, என்ன சொல்றான்னு புரியல" என்பார்கள், நான் ஸ்பீக்கரைத்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த நடுப்பெட்டியில் ட்ரெபிளைக் கூட்டி, நீ அதைக் கொண்டுபோய் அவர் காதோரமே வைத்துவிட்டாய். டிவிக்குக் கீழே வைத்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. பாகப்பிரிவினை என்று கேலி செய்ததை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் நான் டாக்டர் இல்லை. மறதி டாக்டருக்கு முன்னால் காது டாக்டரிடம் கூட்டிப் போ. இரண்டையும் பார்த்துவிடு, பாதியில் விடாதே.

உன் கடிதத்தை டீச்சருக்கு நானே வாசித்தேன். "அப்போ நான் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லையா? நான் புதுப் புடவையில இருந்தேன், சிரிச்சுக்கிட்டே வேற போனேன். நல்ல சேதின்னுதான் நெனச்சிருப்பாரு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நீ எப்போது கூப்பிடுவாய் என்று துணிப்பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கும் டீச்சருக்கும்,

இரண்டு டாக்டரையும் பார்த்தாயிற்று.

காது டாக்டர் இடது காதிலிருந்து ஒரு அழுக்கு உருண்டையை எடுத்தார். புளியங்கொட்டை அளவு, நான் கண்ணால் பார்த்தேன். வலது காதில் நரம்பு தேய்ந்துபோயிருக்கிறதாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கக் காது அதுதான், காற்றும் ஹாரனும் தின்றுவிட்டது. தேய்ந்தது என்று நீ சொன்னது சரிதான், இடம்தான் ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது! அதற்கு ஒரு சின்னக் கருவி கொடுத்திருக்கிறார், சட்டைப் பட்டன் அளவுதான்.

மறதி டாக்டரிடம் போனபோது எனக்குத்தான் பயம். அவர் என்னென்னவோ கேட்டார். கடைசியில், "ஏதாவது ஒண்ணை வரிசையா, பின்னாலிருந்து முன்னால சொல்லுங்க" என்றார். இவர் தன்னுடைய பழைய ரூட்டில் கடைசி நிறுத்தத்திலிருந்து டெப்போ வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் "இங்க ஏறுறவங்க சில்லறை தரமாட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "அம்மா, இவருக்கு ஞாபகம் என்னைவிட நல்லா இருக்கு. கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இவர் பயந்துபோய், "அவரு நல்லாத்தானே சொன்னாரு, ஏன் அழறே?" என்றார். அதையும் கேட்டிருக்கிறார் பார், டாக்டர் என்ன சொன்னார் என்பதை!

அப்போதுதான் சொன்னேன், எதற்குப் பயந்தேன் என்பதை. சாவியையும் கையில் கொடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ எங்கிட்ட பேசுறதையே விட்டுட்டேன்னு நெனச்சேன். வாய் அசையும், ஒண்ணும் வராது. உன் தம்பிகூட சண்டை போட்டதுல மனசு விட்டுப்போச்சு போலன்னு இருந்தேன். எதுக்குன்னு கேட்டா இன்னும் வருத்தப்படுவியோன்னு கேக்கல" என்றார். ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருந்திருக்கிறோம்.

இனி ஒரு கஷ்டம் இருக்கிறது. இத்தனை நாள் இவர் அக்காவைப் பற்றி வாய்க்கு வந்ததை முணுமுணுத்துப் பழகிவிட்டேன். நேற்று அப்படி ஒன்றை விட்டேன். "அவளை ஏன் இழுக்கிறே?" என்று ஹாலிலிருந்து குரல் வருகிறது.

நீயும் டீச்சரும் வாருங்கள். நேரில் பேசலாம், போனிலும் பேசலாம். நீலத் திரை தயார். டீச்சரிடம் சந்தோஷம் என்று சொன்னதற்கு என்ன சொல்வது என்று இவர் இப்போதே ஒத்திகை பார்க்கிறார்.

பச்சைப் புள்ளிப் பெட்டியை டிவிக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டேன். இன்று காலையில் ஒரு படம் போட்டார். முதல் காட்சியிலிருந்து நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் அடுப்படியில் நிற்கிறேன், எனக்கு ஒரு பேச்சும் சரியாகக் காதில் விழவில்லை. "இப்போ அவன் என்ன சொன்னான்?" என்று கத்துகிறேன். இவர் ஒவ்வொரு வசனத்தையும் எனக்கு உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அழுகிற இடத்தில் அழுகையோடு.

அக்கா